தம் துயரைத் தாமே சுமந்த மகாகவி

1932-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சாந்திநிகேதனில் மழைக்காலத்தைப் பாடி வரவேற்கும் வர்ஷாமங்கள விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்து சேர்ந்தது. அச்சுக்கலை பயில்வதற்காக அங்கே சென்றிருந்த நீதீந்திரநாதன் என்ற இளைஞன் ஆகஸ்ட் 7-ஆம் தேதி காசநோயால் இறந்துவிட்டான். அவன் ரவீந்திரநாத் தாகூரின் இளைய மகளான மீராவின் ஒரே மகன். நோயுற்ற மகனின் அருகே இருப்பதற்காக மீரா ஜெர்மனிக்குச் சென்றிருந்தார். பேரனை இழந்த கவிஞருக்கு அப்போது வயது 71.

இத்தகைய வேளையில் விழா வேண்டாம், நிறுத்திவிடலாம் என்று பலரும் கருதினார்கள். ரவீந்திரநாதர் அதற்கு இசையவில்லை. துயரம் தம்முடையது, அதைச் சுமக்கும் பொறுப்பும் தம்முடையதே, அதை ஆசிரமத்தார் அனைவர்மீதும் ஏற்றிவைப்பது முறையாகாது என்பது அவரது உறுதியான முடிவாக இருந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் கேட்பவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வரக்கூடும். இவர் பாசமற்ற கல்நெஞ்சர் என்று சிலர் எண்ணலாம். துக்கம் தீண்டாத ஞானி என்று வேறு சிலர் போற்றலாம். அவரது வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இரண்டும் பொருந்தாதவை என்பது தெரியும். தம் வாழ்நாளில் தாய், அண்ணி, மனைவி, தந்தை, பெற்ற மக்கள் மூவர், பேரன் என்று ஒருவர்பின் ஒருவராக இழந்தவர் அவர். ஒவ்வோர் இழப்பிலும் அவர் கலங்கினார். ஆனால் அந்தக் கலக்கத்தோடு எப்படி வாழ்வது என்பதைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டார்.

தாயின் மறைவு

1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி, கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியிலிருந்த தாகூர் மாளிகையில் ரவீந்திரநாதர் பிறந்தார். மகரிஷி தேவேந்திரநாதருக்கும் சாரதாதேவிக்கும் பிறந்த மக்களில் அவர் பதினான்காமவர். பெரிய குடும்பம், தாயோ நெடுநாள் நோயாளி. எனவே பணியாட்களின் பொறுப்பிலேயே அந்தச் சிறுவன் வளர்ந்தான்.

1875-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் இரவில் சாரதாதேவி காலமானார். ரவீந்திரநாதருக்கு அப்போது 14 வயதுகூட நிரம்பவில்லை. உறங்கிக்கொண்டிருந்த சிறுவர்களின் அறைக்குள் வேலைக்காரி ஒருத்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள். குழந்தைகள் நள்ளிரவில் அதிர்ந்துவிடக் கூடாது என்று அண்ணி அவளை உடனே அப்பால் அழைத்துச் சென்றுவிட்டார். காலையில்தான் செய்தி சொல்லப்பட்டது. முற்றத்தில் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்த தாயின் முகம் அமைதியாக உறங்குவதுபோல் இருந்தது. மரணம் என்றால் அச்சம் தருவது என்ற எண்ணமே சிறுவனுக்கு அப்போது எழவில்லை. தாயின் உடல் தலைவாயிலைக் கடந்து வெளியே சென்றபோதுதான், இந்த வாயில் வழியாக அம்மா இனி ஒருபோதும் வீட்டிற்குள் வரப்போவதில்லை என்ற உண்மை புயலாக அவனைத் தாக்கியது.

மயானத்திலிருந்து திரும்பியபோது, மூன்றாம் மாடியில் தந்தை தேவேந்திரநாதர் அசையாமல் உபாசனையில் அமர்ந்திருந்ததைச் சிறுவன் பார்த்தான். அந்தக் காட்சியும் அவன் நெஞ்சில் பதிந்தது.

தேவேந்திரநாதரின் ஆன்மிக வாழ்வே ஒரு மரணத்தின் அருகில்தான் தொடங்கியது. 1835-ஆம் ஆண்டில், அவரை வளர்த்த பாட்டி கங்கைக்கரையில் உயிர்விடும் நிலையில் இருந்தார். அவருக்கு முந்திய இரவில் கரையில் ஒரு முரட்டுப் பாயில் அமர்ந்திருந்த இளைஞர் தேவேந்திரநாதருக்குச் செல்வத்தின்மீது இருந்த பற்று சட்டென்று விலகி, விளக்கவியலாத ஓர் ஆனந்தம் பிறந்தது. பாட்டி மறைந்த பின் அந்த ஆனந்தமும் மறைந்தது. இழந்த அதைத் தேடித்தான் அவர் பின்னாளில் உபநிஷதங்களிடம் வந்து சேர்ந்தார். மரணத்தைப் பற்றி அந்த வீட்டில் நிலவிய மௌனத்துக்கு இப்படி ஓர் ஆழம் இருந்தது.

நிலைகுலைந்த நாட்கள்

தாயை இழந்த சிறுவர்களை அன்போடு அரவணைத்தவர் அண்ணி காதம்பரிதேவி. அண்ணன் ஜோதிரிந்திரநாதரின் மனைவியாக ஒன்பது வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர் அவர். ரவீந்திரநாதரைவிட ஏறத்தாழ இரண்டு வயதே மூத்தவர். இளம்கவிஞரின் விளையாட்டுத் தோழியாகவும், பின்னர் அவரது கவிதைகளின் முதல் வாசகராகவும் கண்டிப்பான விமர்சகராகவும் விளங்கினார். 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ரவீந்திரநாதரின் திருமணம் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த நிலையில், காதம்பரிதேவி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருக்கு அப்போது வயது 25-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பம் அதைப் பற்றி வெளியே பேசவில்லை.

மரணத்தோடு தமக்கு ஏற்பட்ட நிலையான அறிமுகம் இதுவே என்று ரவீந்திரநாதர் பின்னர் தம் நினைவுக் குறிப்பில் பதிவுசெய்தார். சிறுவயதில் தாய் மறைந்தபோது மனம் விரைவில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 23 வயதில் அது இயலவில்லை. மரம், நீர், சூரியன், சந்திரன் எல்லாம் முன்புபோலவே இருக்க, அவற்றைவிட உண்மையாக இருந்த ஒருவர் மட்டும் கனவுபோல் கலைந்துபோனதை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அந்நாட்களில் அவரது நடத்தையே மாறியது. உடையில் கவனம் போயிற்று. வேட்டியின் மேல் ஒரு முரட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, காலில் வீட்டுச் செருப்போடு, கல்கத்தாவின் பெரிய ஆங்கிலப் புத்தகக் கடைக்குள் நுழைந்துவிடுவார். மழையிலும் குளிரிலும் மூன்றாம் மாடியின் வெளித் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொள்வார். பிறர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

இந்த நிலையை அவர் பிற்காலத்தில் மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. 1912-இல் நூலாக வெளிவந்த ‘ஜீவன்ஸ்மிருதி’யில் மரணத் துயருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். தாங்கமுடியாத அந்த இருளின் நடுவில் அவ்வப்போது ஒரு விடுதலை உணர்வும் தம்மைத் தொட்டதை அதில் நேர்மையாகக் குறித்தார். வாழ்க்கை அசையாத சுவர்களால் ஆன சிறையன்று என்பதை மரணமே அவருக்குக் காட்டியது. பற்று சற்று விலகியபோது உலகின் அழகு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தெளிவு சில நாட்களில் வந்ததன்று. கலக்கத்தை முழுமையாக அனுபவித்த பிறகே வந்தது.

மொட்டைமாடியில் ஓர் இரவு

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி சாந்திநிகேதனில் ரவீந்திரநாதர் தமது பிரம்மசரிய ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். பணநெருக்கடி மிகுந்திருந்தது. மனைவி மிருணாளினிதேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். மாணவர்களுக்குத் தாயாக இருந்து உணவும் அன்பும் அளித்தார். ஓராண்டுகூட நிறைவதற்குள் அவர் நோய்வாய்ப்பட்டார்.

சிகிச்சைக்காக அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ரவீந்திரநாதர் பணிவிடைக்கு வேறு ஆள் அமர்த்தாமல் தாமே மனைவியைக் கவனித்துக்கொண்டார். மின்விசிறி இல்லாத காலம் அது. இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். 1902-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி மிருணாளினிதேவி மறைந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அன்றிரவு ரவீந்திரநாதர் மொட்டைமாடிக்குச் சென்றார். எவரும் தம்மைத் தொடர்ந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரவு முழுவதும் அங்கே தனியாக நடந்துகொண்டிருந்தார். பின்னர் மூத்த மகன் ரதீந்திரநாதனை அழைத்து, தாயின் செருப்புகளை அவன் கையில் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி சொன்னார். மறந்துவிடு என்று அவர் மகனுக்குப் போதிக்கவில்லை. நினைவை எங்கே வைப்பது என்று கற்றுக்கொடுத்தார்.

அவரும் தம் நினைவை ஓரிடத்தில் வைத்தார். மனைவியின் மறைவுக்குப் பின் எழுதிய சிறிய கவிதைகள் ‘ஸ்மரண்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. ‘நினைவு’ என்பதே அதன் பொருள். அழுகையை அடக்கிய கவிதைகளும் அல்ல, அழுகையிலேயே மூழ்கிய கவிதைகளும் அல்ல அவை. வீட்டின் அன்றாட வேலைகளில் மனைவியைத் தேடி, பின் அவரை எங்கும் நிறைந்த இருப்பாகக் காணும் மனத்தின் பயணம் அவற்றில் உண்டு.

அல்மோராவில் குழந்தைப் பாடல்கள்

துயரம் அத்துடன் நிற்கவில்லை. இரண்டாவது மகள் ரேணுகாவுக்குக் காசநோய் கண்டிருந்தது. 1901-இல், பத்து வயதிலேயே அவளுக்குத் திருமணம் செய்துவைத்திருந்தார் தந்தை. நல்ல காற்றுக்காக முதலில் ஹசாரிபாகுக்கும், பின்னர் 1903-ஆம் ஆண்டு கோடையில் இமயமலைப் பகுதியிலிருக்கும் அல்மோராவுக்கும் அவளை அழைத்துச் சென்றார்.

தாயை இழந்த குழந்தைகள் ஒருபுறம், சாவின் நிழல் படிந்த மகள் மறுபுறம். அந்தச் சூழ்நிலையில் அல்மோராவில் அமர்ந்து அவர் எழுதியவை குழந்தைகளின் விளையாட்டும் குறும்பும் நிறைந்த பாடல்கள். ‘சிசு’ என்னும் தொகுப்பில் அவை இடம்பெற்றன. தம் குழந்தைகளுக்கு அப்போது எது தேவைப்பட்டதோ அதை அவரால் தர முடிந்தது. துயரத்தில் இருப்பவர் சிரிக்கக் கூடாது, சிரிக்க வைக்கக் கூடாது என்று அவர் எண்ணவில்லை.

ரேணுகாவைக் காப்பாற்ற முடியவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பியபின் அதே ஆண்டு செப்டம்பரில் அவள் மறைந்தாள். இறைவனைத் தந்தையென்று அழைக்கும் வேதமந்திரத்தைச் சொல்லும்படி கடைசி வேளையில் அவள் தந்தையைக் கேட்டுக்கொண்டாள். உபாசனையில் அவள் பலமுறை கேட்டிருந்த மந்திரம் அது. பெற்ற தந்தை அதைச் சொல்ல, மகள் கண்மூடினாள். தம்மால் காக்க முடியாத குழந்தையை, காக்க வல்ல தந்தையின் கையில் ஒப்படைத்த தருணமாக அது அவருக்கு அமைந்தது.

1905-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி, மகரிஷி தேவேந்திரநாதர் 87-ஆம் வயதில் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார்.

நிலவொளியில் ஒரு ரயில் பயணம்

இளைய மகன் சமீந்திரநாதனை வீட்டில் ‘சமி’ என்று அழைப்பார்கள். முகச்சாயலிலும் சுபாவத்திலும் தந்தையையே ஒத்திருந்த சிறுவன். 1907-ஆம் ஆண்டு பூஜை விடுமுறையில் நண்பன் ஒருவனோடு பீகாரிலுள்ள முங்கேருக்குச் சென்றான். அங்கே அவனைக் காலரா தாக்கியது. செய்தி கேட்டுத் தந்தை விரைந்து சென்றார். நவம்பர் 23-ஆம் தேதி சமி இறந்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாய் மறைந்த அதே நாள் அது. அவனுக்கு 11 வயது நிரம்பியிருக்கவில்லை. மூத்த மகன் ரதீந்திரநாதன் அப்போது வேளாண்மை பயில்வதற்காக அமெரிக்காவில் இருந்தான்.

மகனை முங்கேரில் விட்டுவிட்டுத் தந்தை தனியே ரயிலில் திரும்பினார். அந்த இரவைப் பற்றி 25 ஆண்டுகள் அவர் அதிகம் பேசவில்லை. 1932-இல் மீரா தம் மகனை இழந்தபோதுதான் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார். ரயிலின் சன்னல் வழியாக வானத்தை நோக்கியபோது நிலவொளி பொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று குறைந்துவிட்டதற்கான அடையாளமே அந்த வானத்தில் இல்லை. அந்தக் கணத்தில், யாவும் யாவற்றிலும் நிறைந்திருக்கின்றன, சமியும் அதற்குள்ளேயே இருக்கிறான், தாமும் இருக்கிறோம் என்று அவர் மனம் உணர்ந்தது. தாம் செய்யவேண்டிய பணியும் முடிந்துவிடவில்லை என்ற எண்ணமும் உடன் எழுந்தது.

பணி தொடர்ந்தது. ‘பிரபாசி’ இதழில் வெளிவந்துகொண்டிருந்த ‘கோரா’ நாவலை அவர் தொடர்ந்து எழுதினார். 1908-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாப்னாவில் கூடிய வங்காள மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பத்மா நதிக்கரையிலிருந்த ஷிலாய்தஹாவில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கிராமச் சீரமைப்பில் இறங்கினார். 1908 இறுதியிலிருந்து சாந்திநிகேதனின் பிரார்த்தனை மண்டபத்தில் விடியற்காலையில் அவர் ஆற்றிய உரைகள் நூல்களாக வெளிவந்தன. 1910-இல் வங்காள ‘கீதாஞ்சலி’ வெளியாயிற்று. அந்தப் பாடல்களில் இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள நெருக்கம், இவ்வளவு இழப்புகளின் வழியாக நடந்து வந்தவரின் நெருக்கமாகும்.

1911-இல் அவர் ‘டாக்கர்’ என்ற சிறிய நாடகத்தை எழுதினார். ‘அஞ்சல் நிலையம்’ என்று பொருள். நோயால் அறைக்குள் அடைபட்ட அமல் என்ற சிறுவன், சன்னலருகே அமர்ந்து வழிப்போக்கர்களோடு பேசி, அரசரின் கடிதத்துக்காகக் காத்திருந்து, இறுதியில் அமைதியாக உறங்குகிறான். கவிஞர் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள், 1942-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா நகரின் சேரியில், அநாதைக் குழந்தைகள் இந்த நாடகத்தை நடித்தார்கள். அவர்களை வளர்த்துவந்த மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்தான் இதைத் தேர்ந்தெடுத்தவர். வரப்போவதைக் குழந்தைகள் அஞ்சாமல் எதிர்கொள்ளட்டும் என்று அவர் எண்ணியதாகக் கூறுவர். மூன்று வாரங்களுக்குள் கோர்ச்சாக்கும் ஏறத்தாழ 200 குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் எழுத்து, தாய்தந்தையற்ற குழந்தைகளின் கடைசி நாட்களில் துணையாகச் சென்றது.

இருளும் ஏக்கமும்

இவ்வளவு தெளிவு பெற்றவர் பின்னர் ஒருபோதும் தளரவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. நோபல் பரிசு பெற்று உலகம் புகழ்ந்த மறு ஆண்டான 1914-இல், வாழ்வின்மீதே பிடிப்பற்றுப்போன கடும் மனச்சோர்வு அவரைப் பற்றியது. அதை அவர் மூடிமறைக்கவில்லை. தம் மனநிலையை மகன் ரதீந்திரநாதனுக்குக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதினார். புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் சொன்னது அவர் மீள்வதற்கு ஒரு படியாயிற்று.

மூத்த மகள் மாதுரிலதாவையும் காசநோய் விட்டுவைக்கவில்லை. ‘பேலா’ என்பது அவளது செல்லப்பெயர். மருமகனுடன் உறவு சீராக இல்லாதபோதும், நோயுற்ற மகளைப் பார்க்கத் தந்தை நாள்தோறும் சென்று அருகில் அமர்ந்திருப்பார். சிறுவயதில் கேட்டதுபோலவே அவள் கதை கேட்பாள், அவரும் சொல்வார். 1918-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி வழக்கம்போல் சென்றபோது, மகள் மறைந்துவிட்ட செய்தி வாசலிலேயே தெரிந்தது. அவர் மாடிக்கு ஏறவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு சேர்ந்தார்.

மீராவின் மணவாழ்வும் இன்பமாக அமையவில்லை. அந்தத் திருமணத்தை முடித்துவைத்தவர் தாமே என்ற குற்றவுணர்வு தந்தையை நெடுநாள் உறுத்தியது. 1929-ஆம் ஆண்டு இறுதியில், மறைந்தவர்களோடு தொடர்புகொள்ளும் ஆற்றல் உள்ளவராகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணின் வழியாக, தம்மைப் பிரிந்தவர்களோடு பேச அவர் முயன்றார். அழைக்கப்பட்டவர்களில் சமியும் இருந்தான். மகன் இறந்து 22 ஆண்டுகள் ஆன பின்னும் தந்தையின் மனம் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. இத்தகைய முயற்சிகளின் உண்மைத்தன்மை எதுவாயினும், ஒன்று தெளிவு. அவரது அமைதி ஏக்கம் அற்றுப்போனதால் வந்ததன்று.

மனநூலாரும் சான்றோரும்

1917-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் துக்கத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். இறந்தவரோடு பிணைந்திருந்த பற்றை மனம் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்பது அதன் சாரம். 1920-இல் அவர் தம் மகள் சோஃபியை இழந்தார். மூன்று ஆண்டுகளில் அவளுடைய குழந்தையையும் இழந்தார். 1926-இல் வியன்னாவில் தாகூரும் ஃப்ராய்டும் சந்தித்தனர். மக்களை இழந்த இரு தந்தையரின் சந்திப்பு அது. 1929-இல் மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இழந்தவரின் இடத்தை வேறெதுவும் நிரப்பிவிடாது, அப்படி நிரம்பாமல் இருப்பதும் அன்பின் தொடர்ச்சியே என்ற கருத்துக்கு ஃப்ராய்ட் வந்திருந்தார். கோட்பாடு சொல்லாததை வாழ்க்கை அவருக்குச் சொல்லியது.

பின்னாளைய உளவியலும் இதே திசையில் நகர்ந்தது. இறந்தவரை மறப்பது நலத்தின் அடையாளமன்று, அவரோடுள்ள பந்தம் வேறு வடிவில் தொடர்வது இயல்பே என்று 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் எடுத்துரைத்தனர். 1999-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கூட் ஆகிய இருவரும் மற்றொன்றை விளக்கினர். துக்கப்படுபவர் இழப்பை எண்ணி வருந்துவதற்கும், அன்றாடக் கடமைகளைக் கவனிப்பதற்கும் இடையே மாறிமாறிச் சென்று வருகிறார். இந்தப் போக்குவரத்தே ஆரோக்கியமானது. வருந்துவதிலேயே தங்கிவிடுவதும் துன்பம் தரும். வருந்தவே மறுப்பதும் துன்பம் தரும். மொட்டைமாடியில் தனித்து நடந்த இரவும், பள்ளிக்குத் திரும்பிய பகலும் ரவீந்திரநாதரின் வாழ்வில் இப்படித்தான் அடுத்தடுத்து அமைந்தன.

சாஸ்திரங்களும் அழுகையைப் பழிக்கவில்லை. சீதையைக் காணாமல் ஸ்ரீராமர் மரங்களிடமும் கொடிகளிடமும் கேட்டு அரற்றினார். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைக் காட்டி, துக்கத்தில் இருப்பவரை அழாதே என்று அதட்டுவோர் உண்டு. அவர்கள் முதல் அத்தியாயத்தை மறந்துவிடுகிறார்கள். அர்ஜுனன் தன் வேதனையையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை பகவான் ஏறத்தாழ மௌனமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த விஷாதத்துக்கும் யோகம் என்றே பெயர். சாந்தோக்கிய உபநிஷதத்தில், எல்லா வித்தைகளும் கற்ற நாரதர் தாம் துக்கத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டு சனத்குமாரரிடம் வருகிறார். கற்றவருக்குத் துக்கமா என்று அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. ஒவ்வொரு படியாக மேலே அழைத்துச் செல்லப்படுகிறார்.

முன்னோர் வகுத்த சடங்குகளிலும் இந்த அறிவு உண்டு. துக்கம் காப்பதற்கென்று சில நாட்கள், உற்றார் கூடிப் பகிர்வதற்கு ஒரு நாள், அதன்பின் கடமைக்குத் திரும்புதல், ஆண்டுக்கொரு முறை திவசத்தில் நினைவுகூர்தல். அழுகைக்கும் இடம் உண்டு, அதற்கு ஒரு கரையும் உண்டு. கரையைத் தாண்டிய துக்கமும் உண்டு. ஓராண்டைக் கடந்தும் அன்றாட வாழ்வையே முடக்கிவிடும் துக்கத்தை, சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் தன் கையேட்டில் சேர்த்தது. அத்தகைய நிலையில் மருத்துவரை நாடுவது பக்திக்குக் குறைவாகாது.

அமைதிக் கடற்கரை

1932-இல் பேரனை இழந்தபின் ரவீந்திரநாதர் எழுதிய கவிதைகளில் ஒன்று ‘விசுவசோகம்’. உலகெங்கும் இடையறாது ஓடும் துயர வெள்ளத்தில் தம் துயரத்தையும் ஓர் அலையாக அவர் அதில் பார்த்தார். அதே நாட்களில்தான் மீராவுக்கு அந்தக் கடிதத்தையும் எழுதினார். மகளை அழவேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. தத்துவ உபதேசமும் செய்யவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் தம் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒரு நிலவு இரவை எடுத்து, இப்போது அது உனக்குத் தேவைப்படும் என்பதுபோல் மகளின் கையில் கொடுத்தார். வர்ஷாமங்கள விழாவை நிறுத்த மறுத்ததன் பொருள் இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. மழைக்காலப் பாடலை எதிர்நோக்கியிருந்த ஆசிரமத்துக்கு அவர் அந்தப் பாடலை மறுக்கவில்லை. துயரத்தில் பங்குகொள்ள வேண்டியவளிடம் துயரத்தைப் பகிர்ந்துகொண்டார்.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பேரன் மறைந்த அதே தேதியில், தாம் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்திலேயே ரவீந்திரநாதர் தம் 80-ஆம் வயதில் காலமானார். 1939-இல் ‘டாக்கர்’ நாடகத்துக்காக அவர் இயற்றிய ஒரு பாடல் இருந்தது. அமைதிக் கடலை நோக்கிப் படகைச் செலுத்தும்படி இறைவனை வேண்டும் பாடல். அதைத் தம் மறைவுக்குப் பிறகு பாடவேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். சாந்திநிகேதனில் அவருக்காகக் கூடியவர்கள் அதைப் பாடினார்கள்.

சிறுவன் அமலின் கண்கள் மூடும் வேளைக்கென்று எழுதப்பட்ட பாடல், அவனைப் படைத்தவரைப் பிரிந்து அழுதவர்களுக்கு ஆறுதலாயிற்று. பிறர் தம்மை இழந்து வருந்தப்போகும் நாளில் அவர்களுக்கு என்ன தேவைப்படும் என்பதையும் அவர் முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தார். பலமுறை இழந்து வருந்தியவர் அல்லவா அவர்!